மலைக்கு அப்பாலுள்ள திராட்சை நாடு

பிரான்சு தேயத்துத் திராட்சைத் தோட்டங்களினூடே நண்பர் சிலர் மோட்டார் வண்டியிற் சென்றுவந்த பயண வரலாறு ஒன்றை எங்கள் விடுதியில் ஒரு மாலை ஒருவர் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். குன்றுச் சரிவுகளில் வரிசைப்பட நிற்கும் கொடிகளும், ஊருக்கு ஊர் வேறுபடும் சுவையும், வழிநெடுக வரவேற்று உபசரிக்கும் தோட்டக்காரரும் அதில் வருணிக்கப்பட்டிருந்தனர். கேட்டோர் வியந்திருக்க, கம்பம் பள்ளத்தாக்கினின்றும் வந்து பயிலும் நண்பர் மட்டும் நகைத்தார். "திராட்சைத் தோட்டம் காணக் கடல் கடத்தல் வேண்டுமோ? உங்கள் மலையைச் சுற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வாருங்கள்; இரண்டு ஆண்டு கழித்து வந்தால் எங்கள் தோட்டமே இராது" என்றார். பின்கூறிய சொற்களை அவர் நகையின்றியே கூறினார். சென்ற ஐப்பசி விடுமுறையில் யாங்கள் நால்வரும் புறப்பட்டமைக்குக் காரணம் அச்சொற்களே.

"உங்கள் மலை" என்று அவர் குறித்தது, இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் மேற்கே மதில்போல் எழுந்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையை. யான் பிறந்து வளர்ந்தது திருவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயிற் பெரிய கோபுரத்தையும் அதன் பின்னணியில் நீலநிறமாகத் தோன்றும் மலையையும் நாள்தோறும் பார்த்தே பள்ளிக்குச் சென்றவன். எனினும், அம்மலைக்கு அப்பால் யாது உளது என்று ஒருநாளும் எண்ணிப்பார்த்தேனல்லேன். அப்பாலுள்ளது கம்பம் பள்ளத்தாக்கு. பறவை பறக்கும் நேர்வழியில் அளந்தால் திருவில்லிபுத்தூரினின்றும் கம்பம் ஐம்பது கிலோமீட்டர்க்கும் குறைவே. ஆனால் இடையிலுள்ளது யானையும் புலியும் வாழும் காடு. 1988-ஆம் ஆண்டில் சாம்பல்நிற அணிலின் சரணாலயமாகவும், 2021-ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் அது அறிவிக்கப்பெற்றது. மலையைக் குறுக்கே கடக்க வண்டிப் பாதை இல்லை. ஆகவே வடக்கே சென்று, மலையின் மூக்கைச் சுற்றி, மறுபடியும் தெற்கே இறங்கல் வேண்டும்.

விடியுமுன் இராசபாளையத்து நண்பர் தம் மாமாவின் வண்டியைக் கொணர்ந்தார். பதினொரு கிலோமீட்டர் வந்து திருவில்லிபுத்தூரில் என்னை ஏற்றிக்கொண்டனர். கம்பத்து வீட்டிற்கு வெறுங்கையோடு செல்லலாகாதென்று, அப்பொழுதே திறந்திருந்த ஒரு கடையிற் பால்கோவா வாங்கினோம். கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி என்னும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிந்தன. வழியெல்லாம் கருவேலும் சோளக்கொல்லையுமாகிய வறண்ட நிலம். உசிலம்பட்டிக்கு மேற்கே ஆண்டிப்பட்டிக் கணவாயில் வண்டி வளைந்து ஏறி இறங்கியது. தேனி கடந்து வீரபாண்டியை அணுகிய பின்னர்த்தான் காட்சி மாறிற்று. நெல்வயலும் தென்னந்தோப்பும் வாழையும் நெருங்கின. சின்னமனூர், உத்தமபாளையம் என்று மேலே செல்லச் செல்ல, மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் இருமருங்கும் நெருங்கி வந்தன. காலையில் மேற்கே கண்ட மலையை நண்பகலிற் கிழக்கே கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறுபிள்ளையின் மகிழ்ச்சியே. உடன்வந்தோர் நகைத்தனர்.

இப்பசுமை இயல்பாய் அமைந்ததன்று. பள்ளத்தாக்கு மலைமறைவில் இருத்தலின், தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி கேரளத்துப் பக்கமே பெய்துவிடும். அப்புறம் ஓடிக் கடலில் வீழ்ந்த பெரியாற்றை மறித்து அணைகட்டி, மலையைக் குடைந்து சுரங்கவழியாக நீரைக் கிழக்கே திருப்பினர். 1887-ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வேலை 1895-ஆம் ஆண்டில் முடிந்தது. அதனை நடத்திய பொறியாளர் ஜான் பென்னிகுக் என்பாரின் பிறந்தநாளாகிய ஜனவரி 15 அன்று இங்குள்ளோர் இன்றும் அவர் பெயராற் பொங்கலிடுகின்றனர். பிள்ளைகட்கு அவர் பெயரை இடுதலும் உண்டு. திராட்சைக் கொடிக்கு வேண்டுவன இரண்டு: மழை குறைந்த வானமும் வேரடியில் வற்றாத நீரும். முன்னது மலை தந்தது. பின்னது ஆறும், அதனால் ஊறிய கிணறுகளும் தந்தன. இவ்விரண்டும் ஓரிடத்தே கூடுதல் அரிது. இராசபாளையத்தில் அதே மலையின் அடிவாரத்தில் மாமரங்கள் அடர்ந்திருப்பவும் திராட்சை பெரும்பயிராய் வேரூன்றாமை இதனைக் காட்டும்.

ஐரோப்பியப் படங்களிற் காண்பதுபோல் இங்குக் கொடிகள் இடுப்பளவு உயரமாய் வரிசையில் நிற்பனவல்ல. ஆளுயரத்துக்கு மேலாகக் கல்தூண்கள் நட்டு, அவற்றின்மீது குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்துப் பந்தல் அமைத்திருக்கின்றனர். கொடி ஒற்றைத் தண்டாய் நிமிர்ந்தேறிப் பந்தலின்மேற் படர்கின்றது. கீழே நுழைந்தால் நிழல். தலைக்குமேல் பச்சைக் கூரை. அக்கூரையினின்று கருஞ்செந்நிறக் குலைகள் நெற்றியில் இடிக்குமாறு தொங்குகின்றன. வெயில் கடுமையான நாட்டில் குலைகளை வெயிலினின்று காத்தற்கு இதனினும் ஏற்ற வழி இல்லை. குளிர்நாட்டார் கதிரொளியைத் தேடுகின்றனர். நம்மவரோ அதற்கு மறைக்கின்றனர்.

இனி, இப்பயிரின் மிக வியப்பான தன்மையைக் கூறுவேன். பிரான்சிலும் இத்தாலியிலும் பனிக்காலத்திற் கொடி இலையுதிர்த்து உறங்குகின்றது. இளவேனிலில் விழித்துத் துளிர்க்கின்றது. ஆண்டுக்கு ஒருமுறையே பழுக்கின்றது. கம்பத்தில் பனிக்காலம் இல்லை. ஆகவே கொடிக்கு உறக்கமும் இல்லை. அதற்குக் காலத்தை அறிவிப்பது உழவன் கையிலுள்ள கத்திரியே. கிளைகளைக் கவாத்துச் செய்து இலைகளை நீக்கியவுடன், கொடி புத்தாண்டு பிறந்ததென்று மயங்கிப் புதுத்துளிர் விடுகின்றது. துளிரோடு பூங்கொத்தும் வெளிப்படுகின்றது. கவாத்து முடிந்து ஏறத்தாழ நான்கு திங்களிற் பழம் பறிக்கலாம். இரண்டு ஆண்டில் ஐந்து வெள்ளாமை காண்பது இங்கு வழக்கம். ஒருவர் தோட்டத்திற் கவாத்து நடக்கையில் அடுத்தவர் தோட்டத்திற் பூவும், அதற்கடுத்ததிற் கனியும் இருக்கும். எனவே ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கும் திராட்சை நாடு இது. எங்கள் நண்பர் இதனை விளக்குகையில், "எங்கள் கொடிக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை" என்றார்.

இங்குப் பயிராகும் இனம் பன்னீர்த் திராட்சை எனப்படும். தமிழ்நாட்டில் திராட்சை விளையும் நிலத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு இவ்வினமே என்றும், இப்பள்ளத்தாக்கில் பத்து ஊர்களில் ஏறக்குறைய 2,000 ஏக்கரில் இது விளைகின்றதென்றும் கூறுப. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி முதலியன அவ்வூர்களுட் சில. ஆனைமலையன்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் உளது. பன்னீர் என்ற பெயர் வெறும் புகழ்ச்சிப் பெயரன்று. பழத்தின் மணத்துக்குக் காரணமானவை லினலூல், ஜெரானியால் முதலிய பொருள்கள். அவற்றுள் ஜெரானியால் ரோசாப்பூவின் மணத்துக்கும் காரணமானது. வேதியியல் அறியாத ஊரார் மூக்கினால் அறிந்து இட்ட பெயரை வேதியியலாரும் ஒப்பவேண்டியதாயிற்று.

நூல்களில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க் என்பது. 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்கு இதனைக் கொணர்ந்தார் என்பதே வழங்கும் வரலாறு. ஆனால் கொடியினங்களை ஆராய்ந்தோர், இவ்வினம் இங்கிலாந்திற் கண்ணாடி மனையொன்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே இரண்டு பழைய இனங்களின் கலப்பால் உண்டாயிற்று என்கின்றனர். இரண்டு கூற்றும் ஒரே கொடியைப் பற்றியனவாதல் இயலாது. 1832-இல் வந்தது வேறொரு திராட்சையாதல் வேண்டும். பன்னீர் பின்னர் வந்து அதன் இடத்தையும் வரலாற்றையும் சேர்த்தே கவர்ந்துகொண்டது என்பது என் கருத்து.

தமிழ் மாணவனாதலின் இங்கு ஒரு சிறிது வழிவிலகுதற்கு அன்பர் பொறுப்பாராக. திராட்சை என்பது வடசொல். கொடிமுந்திரி, முந்திரிகை என்னும் பெயர்களும் நிகண்டுகளிலும் அகராதிகளிலும் உள. சங்க நூல்களிற் கள்ளும் நறவும் தேறலும் நிறைந்து கிடப்பினும் அவை பெரும்பாலும் பனை, அரிசி, தேன் முதலியவற்றால் ஆயவை. திராட்சை மதுவோ கப்பலேறி வந்த பொருள். புறநானூற்று 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொணர்ந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித்தரப் பாண்டியன் நன்மாறன் உண்டு மகிழ்க என வாழ்த்துகின்றார். 1945-ஆம் ஆண்டில் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது அத்தகைய மதுவைக் கொணர்ந்த இரு கைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. மதுரைக்கு அன்று மது வந்தது, கொடி வரவில்லை. கொடி வந்த பின்னரோ மது வரவில்லை. அதுவே எங்கள் நண்பர் வீட்டு வழக்கின் உயிர்நிலை.

அவ்வீட்டை யாங்கள் அடைந்தபோது முற்பகல் கழிந்திருந்தது. முந்திய இரவு மழை பெய்திருந்தது. பன்னீர்த் திராட்சையின் தோல் மெல்லியது. பறிக்கும் தறுவாயில் மழை பெய்தால் பழம் நீரைக் குடித்து வெடித்துவிடும். பந்தலின்கீழ் நண்பரின் தாயாரும் அண்டைவீட்டுப் பெண்டிரும் கத்திரியால் வெடித்த பழங்களைக் குலையினின்று வெட்டி உதிர்த்துக்கொண்டிருந்தனர். வெடித்த ஒரு பழம் பெட்டியிற் சென்றால் மாலைக்குள் பெட்டி முழுதும் புளித்துவிடும். எங்களைக் கண்டதும் தாயார், "வாங்கப்பா, கைகால் கழுவிட்டுச் சாப்பிடுங்க" என்றார். யாங்களோ கத்திரி கேட்டு வாங்கி வேலையில் இறங்கினோம். அரைமணியில் கழுத்து வலித்தது. அவர்களோ விடியற்காலை தொட்டு மேல்நோக்கி நின்றவர்கள்.

இலைகளின்மீது நீலமும் வெண்மையும் கலந்த கறை படிந்திருந்தது. அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை. இதற்கொரு கதை உண்டு. பிரான்சில் போர்டோ நகரை அடுத்த ஊர்களில் வழிப்போக்கர் பழம் பறித்து உண்ணாதிருக்கச் சாலையோரக் கொடிகள்மேல் மட்டும் இக்கலவையைத் தெளித்துவந்தனர். பிற கொடிகளெல்லாம் அடிச்சாம்பல் நோயால் மடிந்த காலத்தில் சாலையோரக் கொடிகள் மட்டும் பசுமையாய் நின்றதை மில்லார்தே என்னும் பேராசிரியர் கண்டு ஆராய்ந்து, 1885-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். திருடனுக்கு வைத்த பொறியில் நோய் அகப்பட்டது. சுண்ணாம்பு நமக்கும் புதிதன்று. பதநீர் கள்ளாகாதிருக்கக் கலயத்தின் உட்புறத்தில் அதனைத் தடவுதலை எங்கள் திருவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பனையேறிகள் நெடுங்காலமாய் அறிவர்.

பிற்பகலில் வியாபாரியின் வண்டி வந்தது. வந்தவர் பெட்டிகளிற் கைவிட்டுப் பார்த்து, மழைநனைந்த சரக்கு என்று கூறி, முன்னாள் பேசிய விலையிற் பாதியே தருவேன் என்றார். நண்பரின் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. பேசிப் பயனில்லை, அன்று கொடாவிடின் மறுநாள் அப்பாதியும் கிடையாது. வண்டி சென்றபின் எங்களை நோக்கி, "தம்பிகளா, கல்காலைப் பிடுங்கிட்டுத் தென்னை வச்சிரலாம்னு இருக்கேன். தென்னை காத்திருக்கும், இது காத்திருக்காது" என்றார். தம் தந்தையார் நட்ட பந்தல் அது என்று நண்பர் எனக்கு மெல்லக் கூறினார்.

இம்முறையீடு கம்பத்துக்கு மட்டும் உரியதன்று. கெடும் பொருளைக் கெடாப் பொருளாக்கத் தெரிந்த இடத்திலேயே ஊரின் பெயர் நிலைத்தது. யாங்கள் கையிற் கொண்டுசென்ற பால்கோவாவே இதற்குச் சான்று. காலையிற் கறந்த பால் மாலையிற் கெடும்; அதனைச் சர்க்கரையோடு விறகடுப்பிற் கிண்டி இறுக்கியதனால் அது நாள்கள் சில தாங்கிப் பல ஊர் சென்றது. 2019-ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா புவிசார் குறியீடு பெற்றது. கம்பம் பன்னீர்த் திராட்சையும் 2023-ஆம் ஆண்டில் அதே குறியீட்டைப் பெற்றது. ஊரின் பெயரைப் பொருளுக்கு உரிமையாக்கும் இவ்வழக்கம் திராட்சை நாட்டினின்றே பரவியது என்பதும் அறியத்தக்கது. வெளியூர்ப் பழத்தைக் கொண்டு மது செய்து ஷாம்பேன் என்று விற்றதை எதிர்த்து 1911-இல் அந்நாட்டு உழவர் கலகம் செய்தனர். 1935-இல் பிரான்சு அதற்கு முழுமையான சட்டம் இயற்றியது. நம் நாட்டுச் சட்டம் 1999-இல் எழுந்தது. பன்னீரின் உடன்பிறப்பாகிய அதே ஹாம்பர்க் இனம் பிரான்சில் வாந்தூ என்னும் மலைச்சரிவில் விளைந்து, உண்ணும் பழமாகவே 1997-இல் அவ்வுரிமை பெற்றிருக்கின்றது. ஆனால் அங்குள்ள உழவன் தன் பழத்தை அன்றன்றே பாதி விலைக்குத் தள்ளவேண்டுவதில்லை. குளிரறையும் கூட்டுறவும் அவனுக்குண்டு. குறியீடு பெயரைக் காக்கும். வெடித்த பழத்தைக் காவாது.

அன்றிரவு திண்ணையில் இதுபற்றியே விவாதம் எழுந்தது. இராசபாளையத்து நண்பர், "மது செய்தால் என்? நாசிக்கில் செய்யவில்லையா? 2001-இல் மகாராட்டிர அரசே வரிச்சலுகை கொடுத்து வளர்த்ததன்றோ?" என்றார். தோலில் இயல்பாக ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களும் நொதியும் பழச்சாற்றிலுள்ள சர்க்கரையைச் சாராயமும் கரியமில வாயுவுமாக மாற்றுதலே மது. வெடித்த பழக்குவியல் மாலைக்குள் நுரைத்துப் புளித்த மணம் வீசியதை யாங்களே கண்டிருந்தோம். எனவே அவர் சொல்லில் நியாயம் உண்டு. ஆயினும் நான்காம் நண்பர், அதுவரை பேசாதிருந்தவர், "என் தந்தை குடித்தே இறந்தார். உங்கள் பந்தலைக் காக்க இன்னொரு வீட்டுக் கூரையைப் பிரிக்க வேண்டா" என்றார். அதற்குமேல் அப்பேச்சு வளரவில்லை. 1937-இல் சேலத்தில் தொடங்கி, 1948-இல் சென்னை மாகாணம் முழுதும் பரவி, 1971-இல் நீக்கப்பட்ட மதுவிலக்கின் வரலாறு வகுப்பில் யாங்கள் கற்றதே. அத்திண்ணையில் அஃது ஒருவருடைய வீட்டு வரலாறாய் இருந்தது.

அப்பொழுது எனக்கு நினைவு வந்தது எங்கள் ஆலயத்துத் திருவிருந்து. என் பாட்டியார் ஆண்டு பலவாகக் கடையில் உலர்திராட்சை வாங்கி, ஊறவைத்துப் பிழிந்து, காய்ச்சி வடித்துத் திருவிருந்துக்குத் தருபவர். 1869-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்னும் பல் மருத்துவர் செய்ததும் இதுவே. மதுவிலக்கில் உறுதியுடைய மெதடிஸ்டு சபையினராதலின், திருவிருந்துக்கு மதுவல்லாத சாறு வேண்டி, பாஸ்டர் அந்நாளிற் கண்டறிந்த முறையைப் பின்பற்றித் திராட்சைச் சாற்றைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து வெந்நீரில் வைத்துச் சூடாக்கினார். சூட்டால் நொதியின் உயிர் அழிந்தது. சாறு திங்கள் பல கெடாதிருந்தது. பின்னர் அவர் மகன் அதனைப் பெருந்தொழிலாக்கினார். மலையின் ஒருபுறம் பழம் குப்பையிற் கொட்டப்பட, மறுபுறத்தில் என் பாட்டியார் வேறு மாநிலத்து உலர்திராட்சையைக் காசு கொடுத்து வாங்கினார் என்பதை அங்கே கூறினேன். நண்பரின் தாயார் கேட்டுக்கொண்டிருந்து, "அந்த வெடிச்ச பழத்துல செய்யலாமா?" என்றார்.

புளியாத பழம் என்றால் செய்யலாம். மறுநாட் காலை அன்று வெடித்தவற்றை மட்டும் தெரிந்து, கழுவி நசுக்கி, துணியில் வடித்து, கொதிநீரிற் சுத்தம் செய்த குப்பிகளில் நிறைத்து, பெரிய அண்டாவில் குப்பியின் கழுத்தளவு நீரூற்றிச் சூடேற்றினோம். சாறு கொதிக்கலாகாது, கொதித்தால் பன்னீர் மணம் ஆவியாய்ப் போய்விடும். முதற்குப்பி கொதித்துவிட்டது, இரண்டு குப்பிகள் வெடித்தன. எஞ்சிய பதினொன்றுள் நான்கை வண்டியில் வைத்து, வந்த வழியே ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறி, இரவு திருவில்லிபுத்தூர் சேர்ந்தோம். என் பாட்டியார் ஒரு குப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்து, சர்க்கரை அதிகம் என்றார். யாங்கள் சர்க்கரை சேர்க்கவேயில்லை.

மார்கழியில் நண்பர் ஊர் சென்று திரும்பினார். மூன்று ஏக்கரில் ஒன்றின் கல்தூண்களைப் பிடுங்கித் தென்னங்கன்று வைத்துவிட்டனர். ஏனைய இரண்டில் கவாத்து முடிந்தது. தாயார் அடுத்த பறிப்புக்கு வேண்டிய வெற்றுக் குப்பிகளைச் சேர்க்கின்றாராம். எங்கள் விடுதியிற் கிடந்த குப்பிகளையும் ஒரு சாக்கில் கட்டி அனுப்பினோம். இவ்விதழ் அச்சிற்குச் செல்லும் இம்மாசித் திங்களில் அக்கொடிகளிற் காய்கள் மிளகளவைக் கடந்திருக்கும்.